கோடைப் பயணமும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் சங்கங்கள் கோடையில் நடத்தும் கூட்டுப் பயணங்களை வெறும் பகட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. அத்தகைய சங்கமொன்றில் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில் அக்கருத்தை மறுக்க விரும்புகிறேன்.

1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி போன்ற கார்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன என்றால், உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் உதிரிபாகங்களும் பட்டறிவும் அதற்கு முக்கியக் காரணம். எம்ஜிபியில், பெட்ரோலைக் காற்றுடன் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் சூடான புகைபோக்கிக் குழாய்க்கு நேர் மேலே அமைந்திருப்பதால், வெயிலில் நெடுந்தூரம் ஓடி நின்றதும் அவற்றிலுள்ள பெட்ரோல் கொதித்து, வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கும். சென்ற கோடையில் ஓர் இளைஞரின் கார் அப்படி நின்றபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் பானெட்டைத் திறந்து, எரிபொருள் குழாயின்மீது ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் என்ஜின் உறுமியது. அந்த இளைஞரின் முகமலர்ச்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். பள்ளங்கள் தேயாத டயரும் வயதானால் வெடிக்கக்கூடும். ஆகவே, ஒவ்வொரு சங்கமும் பயணத்துக்கு முன்பே ஒரு பரிசோதனை முகாம் நடத்தி, அதில் இளைஞர்களின் கையில் ஸ்பேனரைக் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்