பவுடர் கலக்கும் முன் சொல்லிவிடுங்கள்

முடிக்கு ப்ளீச் போடும் ஸ்டைலிஸ்ட்களுக்கு,

வணக்கம். ப்ளீச் செய்த முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே பெரும்பாலும் பில் போடும் நேரத்தில்தான் வருகிறது. அதுவும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, “இதைப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்” என்பதோடு முடிந்துவிடுகிறது. சரியாகாது என்பது வாடிக்கையாளர்களான எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தலையை விட்டு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது, அதனால் அது தானாக ஆறவும் ஆறாது. ப்ளீச் பவுடரும் பெராக்சைடும் முடியின் மேலடுக்கைத் திறந்து உள்ளே போய், முடிக்கு நிறம் தரும் மெலனினைச் சிதைக்கின்றன. போகிற போக்கில், முடிக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கின்றன. மேலே இயல்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலமும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு முடி தண்ணீரை வழியவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும், காய நேரமாகும், தொட்டதற்கெல்லாம் சிக்கு விழும். ஈரத்தில் ஒற்றை முடியை இரு விரலால் மெல்ல இழுத்தால் நிலைமை தெரிந்துவிடும். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கும். ரொம்ப அடிபட்ட முடி சூயிங் கம் மாதிரி நீண்டுகொண்டே போய்ப் பொசுக்கென்று அறுந்துவிடும்.

இந்தச் சோதனையை நாற்காலியில் உட்கார்ந்ததுமே செய்யுங்கள். முன்பு தலையில் என்னென்ன போட்டிருக்கிறோம் என்பதையும் குடைந்து கேளுங்கள். “வெறும் மருதாணிதான்” என்று நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கடையில் விற்கும் சில மருதாணிக் கலவைகளில் உலோக உப்புகள் இருக்கின்றன. பெராக்சைடு பட்டால் அவை சூடேறி முடியையே ஒடித்துவிடும். பின்னங்கழுத்துப் பக்கம் ஒரு சிறு கொத்தில் ப்ளீச்சைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும்.

அவசரம் எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் கருப்பிலிருந்து வெள்ளிக்கு மாறவேண்டும் என்று அடம்பிடிப்போம். அதற்காக 20 வால்யூம் வலிமையுள்ள பெராக்சைடு போதுமான இடத்தில் 40 வால்யூம் எடுக்காதீர்கள். முதலாவதில் பெராக்சைடு 6 சதவீதம், இரண்டாவதில் 12. டச்-அப்புக்கு வரும்போது புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே வெளுத்த நீளத்தின்மேல் மறுபடி தடவும்போதுதான் பாதிப் பேருக்கு முடி நடுவில் ஒடிகிறது.

அப்புறம், வீட்டுக்குப் போய் என்ன செய்வது? இதில்தான் எங்களுக்கு உங்கள் நேரம் வேண்டும். ஊதா ஷாம்பு வெளுத்த முடியின் மஞ்சள் நிறத்தை மறைக்கும், அவ்வளவுதான். அது பராமரிப்பு இல்லை என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். அடிபட்ட முடியில் எதிர்மின்னூட்டம் கூடுதல். கண்டிஷனரில் இருப்பது நேர்மின்னூட்டம், அதனால் தேவைப்படும் இடத்திலேயே போய் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை தலைக்குக் குளித்த பிறகும் அது வேண்டும், வேரில் அல்ல, நுனியில். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடியிலிருந்து புரதம் கழுவிப்போவது குறைகிறது. அது முடிக்குள் ஊடுருவக்கூடியது, மினரல் ஆயில் அப்படி இல்லை. புரத மாஸ்க்கை வாராவாரம் அப்பிக்கொண்டால் சில முடி விறைத்து இன்னும் சுலபமாக ஒடியும் என்பதையும் சொல்லுங்கள். உடைந்த பிணைப்புகளுக்கென்று வரும் பாண்ட் பில்டரை விற்பதில் தப்பில்லை, ஓரளவு தாங்கிப்பிடிக்கும். “பழைய முடி திரும்ப வரும்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஸ்ட்ரெயிட்டனர் பற்றி எச்சரிக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். ஈரமுடியில் அதை வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி முறியும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: தண்ணீரில் உள்ள செம்பு வெளுத்த முடியில் படிந்து பச்சை அடிக்கும். இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால், முடி குளத்து நீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

நுனி வெட்டுவதைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிளந்த நுனியை எந்த க்ரீமும் நிரந்தரமாக ஒட்டாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டர் முடி முழுவதும் புதிதாக மாற இரண்டரை வருஷம் ஆகும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, பவுடர் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் முன் “இன்னும் செய்யலாமா?” என்று ஒரு தடவை கேளுங்கள். சிலர் எழுந்து போவார்கள், போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்