மூன்றாவது வாரம் வா

அன்புள்ள சாமிநாதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். வினோதினியும் பாப்பாவும் சௌக்கியம்தானே? போனில் நீ "கால் எப்படிம்மா இருக்கு" என்று கேட்பாய், நான் "பரவாயில்லைப்பா" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வலது முழங்காலுக்கும் பொங்கல் கழித்து மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டதுமே நீ லீவுக்கு எழுதிப் போடுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு.

ஆபரேஷன் அன்றைக்கு நீ வர வேண்டாம். மூன்றாவது வாரம் வா.

கோபித்துக்கொள்ளாதே தம்பி. இடது காலுக்கு நீ சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்ததில் எனக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை இருந்தது? ஊசி போட ஒருத்தி, கழிவறைக்குக் கூட்டிப் போக ஒருத்தி என்று ஆள் இருந்தார்கள். மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். நீ அதை வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாய். உன் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, நானும் செய்துகொள்கிறேன்" என்றாள். அந்த நாலு எட்டு வலி மருந்தின் தைரியத்தில் வைத்தது. தையல் பிரித்த கையோடு நீ கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம்தான் இருந்தது கச்சேரி.

ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் அதற்குள் ஓய்ந்துவிடுவார்கள். வலி மாத்திரையையும் குறைத்துவிடுவார்கள். பகலில் எப்படியோ ஓடிவிடும். ராத்திரியில் முழங்கால் தணல் மாதிரி காயும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூக்கம் வராது. தொட்டுப் பார்த்தால் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கும். தோலுக்குப் போகிற சின்ன நரம்பு அறுபடுவதால் அப்படியாம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இப்போதும் அந்த இடம் பாதி மரத்துத்தான் இருக்கிறது, பழகிவிட்டது.

ஆனால் அந்த வாரங்களில்தான் காலை மடக்கியாக வேண்டும். விட்டால் உள்ளே தழும்பு இறுகி, மூட்டு விறைத்துப் போகும். நாற்காலியில் உட்கார்ந்து எழ 90 டிகிரியாவது மடங்க வேண்டும், படி இறங்க அதற்கும் மேலே. கட்டிலில் உட்கார்ந்து குதிகாலை மெதுவாகப் பின்னால் இழு, கொஞ்ச நேரம் பிடி, விடு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். பிசியோதெரபிப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவாள். மீதி நேரமெல்லாம் அப்பா. அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? நான் "ஸ்" என்றாலே "போதும் விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். நானும் உடனே சரி என்றுவிடுவேன்.

ஒருநாள் நான் தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணையை அடுக்கி வைத்திருந்தார் பாவம், இதமாக இருக்கட்டும் என்று. காலையில் அந்தப் பெண் வந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் உருவினாள். ஒன்றைத் தூரப் போட்டாள், இன்னொன்றைக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். "முட்டிக்குக் கீழே வைத்தால் கால் மடங்கினபடியே நின்றுவிடும் அங்கிள், நீட்டவே வராது" என்றாள். அப்பா முகம் போன போக்கைப் பார்த்து, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் என் பக்கத்தில் இரக்கப்படாத ஆள் ஒன்று வேண்டும். பத்தாவது கணக்குப் பரீட்சைக்கு உன்னை அழ அழ உட்கார வைத்தேனே, அதே கண்டிப்போடு நீ வந்து என் காலை மடக்க வை. இன்னொன்றும் இருக்கிறது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக் கட்டியாகவோ கிருமியாகவோ இருக்கலாமாம். போன தடவை அப்படி எதுவும் வரவில்லை, முருகன் புண்ணியம். ஆனால் ராத்திரியில் கார் ஓட்ட அப்பாவுக்குக் கண் பற்றாது.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், நடக்கிறேன். கடைத்தெருவுக்குப் போய்க் காய் வாங்கி வருகிறேன். எழும்போது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். தொடை எலும்பு முனையில் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பு மேல் உலோகத் தட்டு, நடுவில் பிளாஸ்டிக், சத்தம் வராமல் எப்படி இருக்கும்? வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000-இல் ஒரு கால், 2001-இல் இன்னொன்று என்று செய்துகொண்டதை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் நாட்டையே ஆண்டாராம், இவள் அடுப்படியை ஆளக் கூடாதா என்று கேட்கிறார்.

அடுப்படி சரியாகத்தான் இருக்கிறது. தரையில்தான் சிக்கல். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது. அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. மேசையில் பலகையும் கத்தியும் வைத்து வாழைப்பூ நறுக்குகிறேன், கை இன்னும் பழகவில்லை. கோலத்துக்கு நீ கவலைப்பட்டாய் அல்லவா? அதற்கு முழங்கால் எதற்கு, இடுப்புதானே வளைய வேண்டும். தினமும் போடுகிறேன், சின்னதாக. கோயிலில் விழுந்து கும்பிடுவதில்லை, நின்றே கும்பிடுகிறேன். கல்யாணப் பந்தியெல்லாம் மேசைக்கு மாறிவிட்டதால் பிழைத்தேன். குலதெய்வம் கோயிலுக்குப் போனால் சித்தப்பா வீட்டில் ராத்தங்க முடிவதில்லை, அங்கே தரையோடு இருக்கிற கழிவறைதான். போனோமா வந்தோமா என்று அன்றைக்கே திரும்புகிறோம். சித்திக்கு அதில் வருத்தம். என்ன காரணம் என்று நானும் வாய் திறந்து சொல்லவில்லை.

அந்த லிஃப்ட் வீட்டு விஷயம். சென்னையில் லிஃப்ட் உள்ள ஃபிளாட் பார்க்கிறேன் என்றாயாம், இல்லையென்றால் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழேயே இருங்கள் என்று அப்பாவிடம் சொன்னாயாம். இரண்டும் வேண்டாம். படி ஏறத்தான் தம்பி இந்தக் காலைப் போட்டுக்கொண்டேன். துணி உலர்த்த மாடிக்கு நானேதான் போகிறேன், ஒரு கை கைப்பிடியில். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது நோவுக்கால் முன்னால், இதுதான் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த பாடம். முதலில் வலதுதான் நல்ல காலாக இருந்தது. இப்போது புதுக்கால் நல்ல காலாகிவிட்டது, பழசு நோவுக்கால்.

போன கிருத்திகைக்குச் சுவாமிமலைக்குப் போயிருந்தோம். அப்பா கீழேயே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்றார். நான் கேட்கவில்லை. அறுபது படி, படிக்கொரு தமிழ் வருஷம். முதல் படி பிரபவ, நீ பிறந்த வருஷம். அதில் இடது காலை வைத்து ஏறினேன். வலதைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது, அப்புறம் அடுத்த படி. பின்னால் வந்த பிள்ளைகள் ஒதுங்கி ஓடினார்கள், ஓடட்டும். முப்பத்தொன்றாவது ஹேவிளம்பி, என் வருஷம். அங்கே சுவரோரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். புதுக்கால் ஒன்றும் சொல்லவில்லை. வலதுதான் முனகியது. வீட்டுக்கு வந்ததும் இரண்டுக்கும் ஐஸ் ஒத்தடம். அன்றைக்குத்தான் வலதையும் செய்துகொள்வது என்று முடிவு பண்ணினேன். டாக்டர் கேட்டது அதற்கப்புறம்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. காப்பீடு போக மீதிக்கு அப்பா எடுத்து வைத்திருக்கிறார். ஆபரேஷன் அன்றைக்கு உன் அத்தை வந்துவிடுவாள், வாசலில் உட்கார அவள் போதும். தேதி முடிவானதும் சொல்கிறேன், அதிலிருந்து எண்ணி மூன்றாவது வாரத்துக்கு டிக்கெட் போடு. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் நீ மட்டும் வந்தால் போதும்.

வரும்போது மசாஜ் மெஷின், முட்டி உறை என்று எதையும் வாங்கிக்கொண்டு வராதே. போன தடவை வாங்கியதே பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அப்பாவுக்கு மட்டும் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் கொண்டு வா, இங்கே கிடைப்பது அந்த மாதிரி இல்லையாம்.

அன்புடன்,
அம்மா