திருஷ் காமினி பேரை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம இந்தியப் பொண்ணுங்க கிரிக்கெட் உலகக்கோப்பை ஜெயிச்சதுக்கு மறுநாள் நீங்க போட்ட கட்டுரையை ஆசையா படிச்சேன், கடைசிக்கு முந்தின பாராவுல தமிழ்நாட்டுல இருந்து சொல்லிக்கிற மாதிரி யாரும் இந்தியாவுக்கு ஆடினதில்லன்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதுக்கு மேல படிக்க மனசு வரல. பேப்பரை சத்தமா படிச்சிட்டிருந்த என் பொண்ணே நிறுத்திட்டு "அப்போ காமினி அக்கா யாரும்மா?"ன்னு கேட்டா.

இப்ப ஜெயிச்ச டீம்ல நம்ம ஊர்ப் பொண்ணு இல்லங்கறது உண்மை, அதை எழுதினா வருத்தமே இல்ல. ஆனா 2013ல மும்பைல வெஸ்ட் இண்டீஸ் கூட சதம் அடிச்சு, உலகக்கோப்பைல சதம் அடிச்ச முதல் இந்தியப் பொண்ணுன்னு பேர் வாங்கினது சென்னைக்காரங்க திருஷ் காமினி. அந்த மேட்ச்சுக்கு கூட ஒழுங்கா கிரவுண்ட் குடுக்கல, ஆம்பளைங்க ஆடுற உள்ளூர் ரஞ்சி ஃபைனல் வருதுன்னு வான்கடே ஸ்டேடியத்துல இருந்து பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாத்திட்டாங்க. உலகக்கோப்பையை! ஆம்பளைங்க உலகக்கோப்பைக்கு இப்படி செய்வாங்களான்னு அப்பவே உங்களுக்கு எழுதினேன், நீங்க போடல. பரவால்ல.

2014 இங்கிலாந்து டூர்ல வார்ம்ஸ்லி டெஸ்ட்ல இங்கிலாந்தை 92 ரன்னுக்கு சுருட்டினப்போ 4 விக்கெட் எடுத்த நிரஞ்சனாவும் நம்ம பொண்ணுதான். அதே வருஷம் நவம்பர்ல மைசூர்ல தென்னாப்பிரிக்கா கூட ஆடின டெஸ்ட்ல காமினி 192 அடிச்சாங்க, இந்தியா இன்னிங்ஸ் வித்தியாசத்துல ஜெயிச்சுது, டெஸ்ட்ல இந்தியப் பொண்ணுங்க அடிச்சதுல அன்னிக்கு வரைக்கும் மித்தாலி ராஜோட 214க்கு அடுத்த பெரிய ஸ்கோர் அதுதான். மறுநாள் உங்க பேப்பர்ல தேடித் தேடிப் பாத்தா ஒரு ஓரத்துல நாலு வரி. அந்த நாலு வரியை வெட்டி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன், இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் இந்தியப் பொண்ணுங்களுக்கு அடுத்த டெஸ்ட் 2021லதான் வந்துச்சு, ஆறரை வருஷம் சார், 192 அடிச்சவங்களுக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்ல. 2015ல இந்திய கிரிக்கெட் போர்டு முதல் தடவையா பொண்ணுங்களுக்கு கான்ட்ராக்ட் குடுத்தப்போ ஏ கிரேடுல இருந்த நாலு பேர்ல அவங்களும் ஒருத்தங்க. அவங்களையே சொல்லிக்கிற மாதிரி இல்லன்னா வேற யாரைத்தான் சொல்றது? 2005 உலகக்கோப்பைல இந்திய டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோன கோச் சுதா ஷாவும் நம்ம ஊர்க்காரங்கதான்னு விளையாட்டுப் பக்கம் பாக்குற உங்களுக்கு நான் சொல்லணுமா?

நானும் ஸ்கூல் படிக்கும்போது ஆடினவதான். அண்ணனோட பேட், அண்ணன் காலுக்குக் கட்டுற பேடு, அது தொடை வரைக்கும் வரும், ஓடினா தடுக்கும். ஒரு கோச்சிங் சென்டர்ல சேரப் போனப்போ பொண்ணுங்களுக்கு நெட்ஸ் பிராக்டீஸ் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அப்பாவும் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு என்னைக் கூட்டிட்டு வந்துட்டார், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன், சேத்துக்கிட்டாங்க, ஆனா பசங்க எல்லாரும் ஆடி முடிச்ச பிறகு வெளிச்சம் போற நேரத்துலதான் அவளுக்கு பேட்டிங். லெஃப்ட் ஹேண்டர் அவ, காமினி மாதிரியே. அந்த நாலு வரியைக் காட்டித்தான் அவளை தினமும் கிளப்பி அனுப்புறேன். நம்ம ஊர்ல இருந்து யாருமே இல்லன்னு நீங்க அச்சுல போட்டா நான் அவளுக்கு எதைக் காட்டுவேன்?

எழுதினவரைக் குறை சொல்லணும்னு இல்ல, இளம் பிள்ளையா இருக்கலாம். ஒரு சின்ன திருத்தம் மட்டும் போடுங்க, காமினி, நிரஞ்சனா, சுதா ஷா மூணு பேர் பேரும் அதுல வரணும். அப்புறம் உள்ளூர் பொண்ணுங்க மேட்ச் ஸ்கோரையும் வாரம் ஒரு நாளாவது போடுங்க, ஓரத்துல போட்டாலும் சரி, நான் வெட்டி வச்சுக்கறேன்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் வாங்குற வாசகி,
மதுரை