செயலாளரின் ஆண்டறிக்கை: வேர்ப்பூஞ்சையோடு ஓராண்டு

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. செயற்குழுவில் மாற்றமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால், ஆண்டு முழுக்க நம்மைக் கட்டிப்போட்டிருந்த விஷயத்துக்கே நேராக வருகிறேன். வறட்சியிலும் உப்பு மண்ணிலும் பயிரைத் தாங்கிப் பிடிக்கும் மண் பூஞ்சைகளைப் பற்றியது அது.

"பூசணம் என்றாலே நோய்தானே, அதை நாமே ஏன் மண்ணில் போட வேண்டும்?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நோய் தரும் பூசணங்கள் ஒருபுறம் இருக்க, வேருக்குள் குடியேறி வேருக்கே உழைக்கும் வகையும் உண்டு. அதற்கு 1885-ல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். நாம் வேர்ப்பூஞ்சை என்கிறோம். உறவு அதைவிட மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவச் செடிகளுக்குள்ளும் இந்தப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்றைய செடிகளைப் போன்ற வேர்கூடக் கிடையாது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் எளிதில் நகராத சத்து. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும், அதற்கு அப்பால் எவ்வளவு இருந்தாலும் செடிக்கு எட்டாது. பூஞ்சை இழை அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய் எடுத்துவருகிறது. வேர்த்தூவி நுழைய முடியாத நுண்துளைகளிலும் நுழைகிறது. மண் காயக் காயச் சத்தின் நகர்வு இன்னும் மந்தமாகும். இழையின் உதவி அப்போதுதான் பெரிதாகத் தெரியும். உப்பு மண்ணில், செடி சோடியத்தைக் குறைவாகவும் பொட்டாசியத்தைப் போதுமான அளவும் எடுத்துக்கொள்ள இது துணை செய்கிறது. கூலி இல்லாமல் இல்லை. தான் தயாரித்த உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை செடி பூஞ்சைக்குக் கொடுக்கிறது.

நம் தொட்டிச் சோதனைக்கு வருகிறேன். மக்காச்சோளத்திலும் வெங்காயத்திலும் பூஞ்சை இட்ட வரிசை ஒன்று, இடாத வரிசை ஒன்று. இரண்டுக்கும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி விட்டோம். பூஞ்சை இட்ட செடிகள் தாமதமாக வாடின. தண்ணீர் கண்டதும் சீக்கிரம் நிமிர்ந்தன. ஒரு பருவத்துத் தொட்டிகளை வைத்து விழுக்காடு சொல்வது சரியல்ல என்பதால் சொல்லவில்லை. ஆனால் வேரை வெளுக்கவைத்து, மையும் வினிகரும் சேர்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த நாளை மறக்க முடியாது. வேர்ச் செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைத்து நின்றது பூஞ்சை. வந்திருந்த ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

தோல்விகளும் உண்டு. கடுகு, முட்டைக்கோசு வரிசைகளில் வித்தியாசமே இல்லை. அந்தக் குடும்பத்துச் செடிகள் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் பொறுப்பு. உழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மணிச்சத்து உரம் தாராளமாக இட்ட தொட்டிகளில் வேருக்குள் பூஞ்சை மிகக் குறைவு. சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி கூட்டாளியைச் சேர்த்துக்கொள்வதில்லை. அப்புறம், விலைக்கு வாங்கிய பூஞ்சைப் பொட்டலம் ஒன்றை இட்ட வேர்களில் ஒரு இழைகூடத் தென்படவில்லை. அதிலிருந்த பூஞ்சை வித்துகள் எப்போதோ செத்திருக்க வேண்டும். நம்பி வாங்கும் விவசாயிக்கு ஒரு பருவமே போய்விடும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையையும் விதைநேர்த்தியில் பயன்படுத்தினோம். அதன் முக்கிய வேலை வேறு. வேரழுகல் பூசணங்களை அது தாக்கி அடக்குகிறது. பூசணக்கொல்லி தடவிய விதையில் அதைச் சேர்க்க வேண்டாம். தார் பாலைவன மண்ணில் கண்டறிந்து 1998-ல் விவரிக்கப்பட்ட செரன்டிபிட்டா இண்டிகா என்ற பூஞ்சையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம். செடியே இல்லாமல் ஆய்வகத்தில் வளர்க்க முடிவதும், கடுகுக் குடும்பத்து வேரிலும் குடியேறுவதும் அதன் சிறப்பு. நாம் இன்னும் முயன்று பார்க்கவில்லை.

நம் வேர்ப்பூஞ்சை அப்படியல்ல, உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. அதனால் வரும் ஆண்டு பொட்டலம் வாங்குவதை நிறுத்திவிட்டு நாமே பெருக்கலாம் என்பது என் பரிந்துரை. கிருமிநீக்கிய மணலும் மண்ணும் கலந்த தொட்டியில், நம் சோதனையில் நன்றாகப் பிடித்த வேர்களை இட்டு மக்காச்சோளம் விதைப்போம். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, தண்டை வெட்டி எடுத்துவிட்டு, வேரை நறுக்கி அதே மண்ணோடு கலந்தால் அதுதான் இடுபொருள். விதைக்குக் கீழே, முளைவேர் தொடும்படி இட வேண்டும். நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சையையும் காப்போம். ஆழ உழுதால் இழைவலை அறுந்துபோகும். நெடுநாள் தரிசு போட்டால் பட்டினி கிடந்து குறையும். பயிர் இல்லாத நாட்களில் ஒரு மூடுபயிராவது இருக்கட்டும். மண் பரிசோதனை பார்க்காமல் மணிச்சத்து உரம் போட வேண்டாம்.

பெருக்கும் தொட்டிகளை வாரம் ஒருமுறை வந்து கவனிக்க இரண்டு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்