கிரீக் யோகர்ட்டைச் சாப்பிடுவது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரீக் யோகர்ட்டை முதலில் வாயில் வைத்தபோது ஈரச் சுண்ணாம்பைத் தின்றது போலிருந்தது. தயிரிலிருந்து மோர்நீரை வடித்துவிடுவதால் அவ்வளவு கெட்டி. 100 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் என்பதால் தூக்கி எறிய மனமில்லை. தேன் விட்டேன், தேன் தனியாக, தயிர் தனியாக நின்றது. அப்புறம் வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, ஒரு பல் பூண்டு நசுக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டுக் கலந்தேன். கிரேக்கர்களின் ஜாட்சிகி என்ற தயிர்ப் பச்சடி அதுதான். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். (பிழிய மறந்த அன்று எல்லாம் தண்ணீர்!)

உங்கள் சமையல் பக்கத்தில் ‘உடலுக்கு நல்லது’ என்கிறீர்கள், சரி. எப்படிச் சாப்பிடுவது என்றும் இரண்டு வரி போடுங்களேன். டப்பாவின் மேலே நிற்கும் நீரைக் கொட்டாமல் கலக்கிவிடலாம் என்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

— ஒரு வாசகி