பொன்னியை மேடையேற்றாதீர்கள்

சென்னைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

மூன்று வருடமாக பொன்னி என்கிற லாப்ரடாரோடு பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். தெரபி நாய் என்கிறார்களே, பக்கத்தில் இருந்தே மனதை இலகுவாக்கப் பழக்கப்பட்ட நாய், அதுதான் அவள். இதற்காக நான் பணம் வாங்குவதில்லை. உங்களில் சிலர் எங்களை அழைத்திருக்கிறீர்கள், இன்னும் சிலர் அழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் போனில் சொல்ல நினைத்து, சங்கடப்பட்டு விட்டுவிட்டதை எல்லாம் சேர்த்து இந்த மடலில் எழுதுகிறேன்.

ஒரு குழந்தைகள் தினம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். "அரை மணி நேரம் போதும் மேடம், பிள்ளைங்க சும்மா தொட்டுப் பார்ப்பாங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மைதானத்தில் பந்தல், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, வகுப்புவாரியாக வரிசையில் முந்நூறு பிள்ளைகள். மேடையில் பொன்னிக்கு ஒரு நாற்காலி. நாய்க்கு நாற்காலி! அதன்மேல் சரிகைத் துண்டு வேறு. ஒவ்வொரு பிள்ளையும் வந்து அவள் தலையைத் தொட வேண்டும், போட்டோகிராபர் கையசைத்ததும் நகர வேண்டும்.

பத்தாவது பிள்ளை வந்தபோது பொன்னி கொட்டாவி விட்டாள். "பாவம், தூக்கம் வருது" என்று ஓர் ஆசிரியை சிரித்தார். அது தூக்கம் இல்லை. பதற்றம் வந்தாலும் நாய் கொட்டாவி விடும். எதையும் தின்னாமலேயே உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். நனையாமலேயே உடம்பை உதறும். இத்தனையையும் யாரும் கண்டுகொள்ளாவிட்டால்தான் உறுமும். இருபதாவது பிள்ளையோடு நான் எழுந்துவிட்டேன். வரிசையில் நின்ற குட்டிப் பிள்ளைகள் அழுதார்கள். தாளாளருக்குக் கோபம். அதில் நியாயம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் அல்லவா? ஆனால் உறுமும்வரை அவளை அங்கே உட்காரவைத்திருந்தால், அந்த உறுமல் ஏதோ ஒரு குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்திருக்கும். அப்புறம் எந்தப் பள்ளியும் எந்த நாயையும் உள்ளே விடாது.

பொன்னியின் வேலை சும்மா இருப்பது. அது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர்ச் சித்தர்களுக்குத் தெரியும்.

வேறொரு பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன். நூலகத்தின் ஒரு மூலையில் கோரைப்பாய், மேலே ஃபேன், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். சிறப்பாசிரியர் தேர்ந்தெடுத்த நான்கு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பொன்னி படுத்திருப்பாள், பிள்ளை அவளுக்கு வாசித்துக் காட்டும். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ழகரம் வரும் இடத்தில் தடுமாறுவான், வகுப்பே சிரிக்கும், புத்தகத்தை மூடிவிடுவான். முதல் வாரம் எங்களிடமும் அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. பொன்னியின் நகங்களை எண்ணினான். "எனக்கு இருபது, இவளுக்கு மட்டும் ஏன் பதினெட்டு?" என்று கேட்டான். பின்னங்கால்களில் நான்கு நான்குதான் என்று இருவருமாகச் சரிபார்த்தோம். இரண்டாம் வாரம் பாதிப் பக்கம் படித்தான். 'வாழைப்பழம்' என்ற சொல்லில் மூன்று முறை சிக்கினான். பொன்னி திருத்தவில்லை, சிரிக்கவில்லை, அடுத்தது யார் என்று பார்க்கவும் இல்லை. பெருமூச்சு விட்டுத் தலையை அவன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். அவன் நாலாவது முறையும் படித்தான்.

இதை அதிசயம் என்று ஆண்டு மலரில் எழுதிவிடாதீர்கள். அவன் இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நடுவில் புத்தகத்தை மூடுவதில்லை, அது மட்டும்தான் மாறியிருக்கிறது. சொல்லிக்கொடுப்பது அந்தச் சிறப்பாசிரியர்தான், பொன்னி அல்ல. பள்ளியின் மனநல ஆலோசகருக்கான சம்பளத்தை மிச்சம்பிடிக்க நாயைக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த வழிமுறை என் கண்டுபிடிப்பும் இல்லை. பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டம் 1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளரிடம் ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்னதாக வந்துவிட்டான். அறையில் இருந்த ஜிங்கிள்ஸ் என்ற நாய் நேராகப் போய் அவனிடம் ஒட்டிக்கொண்டது. சிகிச்சையில் நாயையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அதிலிருந்து கிடைத்த யோசனையை லெவின்சன் 1962இல் கட்டுரையாக வெளியிட்டார். சக உளவியலாளர்கள் சிலர் கேலி செய்தார்கள். நம் சென்னையிலும் இது புதிதல்ல. விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய, நாய்களை மனிதர்களுக்கு ஆறுதலாக அழைத்துப் போகும் 'டாக்டர் டாக்' திட்டத்தை இங்கே புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு நடத்தியிருக்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து பார்த்தார்கள். நாயோடு நேரம் கழித்த பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது. அவர்கள் நாயோடு இருந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், நான்கு வாரம். ஆண்டுக்கு ஒருநாள் பந்தல் போட்டு அல்ல.

சரி, பயத்துக்கு வருவோம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, எந்தப் பள்ளி வாசலிலும் எங்களுக்கு முதல் வரவேற்பு வாட்ச்மேனின் கம்புதான். அவர்மேல் தப்பில்லை. எதிர்ப்புத் தெரிவிக்கும் பெற்றோர்மேலும் தப்பில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது, அந்த நோய்க்குப் பயப்படாமல் எப்படி இருப்பது? ஆகவே பொன்னியின் தடுப்பூசி அட்டையை நீங்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தேன், உண்ணி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்காத பள்ளியைப் பார்த்தால் எனக்குத்தான் பயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். வீசிங் உள்ள பிள்ளைகள் யார் என்று முன்பே தெரிய வேண்டும். நாயின் எச்சில் படக்கூடாது என்று வீட்டில் கடைப்பிடிக்கும் பிள்ளை தள்ளி உட்காரலாம், வராமலும் இருக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பயப்படுகிற பிள்ளையை "ஒண்ணும் பண்ணாது, தொடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். எல்லாரும் கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நாங்கள் வரும் நாளில் பத்து நிமிடம் எனக்குக் கொடுத்தால் தெருநாய் பற்றியும் பேசிவிடுவேன். துரத்தினால் ஓடாமல் மரம் மாதிரி நிற்பது, கடித்தால் வீட்டில் மறைக்காமல் சொல்வது, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது, மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வது. சாதுவாக ஒரு நாய் பக்கத்தில் படுத்திருக்கும்போது பிள்ளைகள் இதைக் கூர்ந்து கேட்கிறார்கள்.

"மேடம், நாங்களே ஒரு நாய் வாங்கிவிடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறையில் அது யாருடன் தூங்கும் என்று திருப்பிக் கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

எங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். காலை பதினோரு மணிக்குள் முடியும் நேரம். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையைத் தாண்டாமல் போய்ச் சேரக்கூடிய ஓர் அறை. ஏப்ரல், மே வேண்டாம். ஒரு தடவைக்கு நான்கு பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம், நடுவில் அவளுக்கு ஓய்வு. நான் போதும் என்றால் போதும், ஏன் என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒரு வருகையோடு நிறுத்தாமல் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருநாள் ஒதுக்கித் தாருங்கள். போட்டோ எடுப்பதானால் தூரத்திலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், பெற்றோர் அனுமதியோடு.

வியாழக்கிழமைகள் காலியாக இருக்கின்றன. வருவதற்கு முதல் நாளே வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். அவரும் விருப்பப்பட்டால் பாயில் வந்து உட்காரலாம்.

இப்படிக்கு,
பொன்னியோடு வருகிறவள்