தூரத்திலேயே நின்றவர்களுக்கு நன்றி

கேரள-தமிழ்நாடு எல்லையில் வாளையார் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் தெருக்காரர்கள் சார்பில் இந்த மடல். ஆடி மாதம் ஒரு விடியற்காலையில், கொச்சியிலிருந்து கோவைக்குச் சமையல் எரிவாயு ஏற்றி வந்த புல்லட் டேங்கர் சாலையோரம் சாய்ந்து, வால்வு வழியாக வாயு கசிந்தது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அதனாலேயோ என்னவோ, ஊரில் அதைப் பற்றிய பேச்சே ஓய்ந்துவிட்டது. நன்றியும் அதோடு ஓய்ந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எஸ்.ஐ. சாருக்கு. உங்கள் ஜீப் வெகு தூரத்திலேயே நின்றதைப் பார்த்து, "போலீஸே பயந்து நிக்குது பாரு" என்று தெருவில் பலர் சத்தமாகவே சொன்னார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்களோ பைனாகுலரில் டேங்கரின் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதில் இருந்த 1075 என்ற எண், எந்த நாட்டிலும் எல்பிஜியைக் குறிக்கும் எண்ணாம். அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு, அவர் கையிலிருந்த ட்ரெம் கார்டை, அதாவது ஏற்றிய சரக்கு என்ன, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டையை, வாங்கிப் பார்த்தீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று சொல்ல முடியும்? இந்த வாயு கசிந்தால் சுற்றிலும் 100 மீட்டராவது விலக வேண்டும், பெரிய கசிவென்றால் காற்று போகும் பக்கம் 800 மீட்டர், டேங்கரில் தீயே பிடித்தால் 1600 மீட்டர் என்று அவசரகால வழிகாட்டிகள் சொல்கின்றன.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பாலக்காட்டுக் கணவாயில் வெறும் பழமொழி இல்லை. மேற்கிலிருந்து காற்று கோவைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாங்களோ சொந்தக்காரர்கள் இருக்கும் கிழக்குப் பக்கமாகவே ஓடப் பார்த்தோம். வாயுவும் அதே வழியில்தான் வந்திருக்கும். ஒரு கான்ஸ்டபிள் லத்தி நுனியில் பாலிதீன் பை ஒன்றைக் கட்டி உயர்த்திப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பிறகு எங்களைக் காற்றுக்குக் குறுக்காக நடக்கவிட்டு, சுற்றி மேற்கே மேட்டுக்குக் கூட்டிப் போனார். ஓடைக்குள் இறங்கிக் குறுக்கே போக நினைத்தவர்களையும் தடுத்துவிட்டார். எல்பிஜி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும்.

2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பற்றி 20 பேர் இறந்ததை இங்கே வயதானவர்கள் மறக்கவில்லை. எங்கள் தெருவில் வாயு கசிந்த அந்த விடியற்காலையில் சாலா என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீடு வீடாக வந்த பெண் போலீஸ் மேடத்துக்குத் தனியாக ஒரு நன்றி. காலிங் பெல்லைத் தொடாமல் கையால் கதவைத் தட்டினீர்கள். "சுவிட்சு எதையும் தொடாதீங்க, எரியறது எரியட்டும், அணைஞ்சது அணைஞ்சிருக்கட்டும்" என்று பாலக்காட்டுத் தமிழிலேயே சொன்னீர்கள். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதுமாம். என் மாமியார் பூஜை அறையில் தூண்டாமணி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைக்க அவர் விடமாட்டார், நின்று வாதாட நேரமும் இல்லை. நீங்கள் தட்டிலிருந்த செம்பருத்தி ஒன்றை எடுத்துத் திரியில் அழுத்தி விளக்கைக் குளிர வைத்தீர்கள். அந்த அவசரத்திலும் அது உங்களுக்குத் தோன்றியதே என்று மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தெருவுக்கு வெளியிலேயே டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்திய லைன்மேன் சேட்டனுக்கு நன்றி. தண்ணீரைத் தூவாணம் போல அடித்து வாயுவைக் கலைத்த தீயணைப்பு வீரர்களுக்கும், கம்பெனியிலிருந்து காலி டேங்கரோடு வந்து வாயுவை மாற்றி ஏற்றிய ஆட்களுக்கும் நன்றி. முழுதாக மாற்றி முடிக்கும்வரை கிரேனைப் பக்கத்தில் விடவில்லை. எங்களுக்குப் பொறுமை போனதென்னவோ உண்மை, ஆனால் அதுதான் சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் லாரிகளையெல்லாம் நிறுத்தி, என்ஜினை அணைக்க வைத்த தமிழ்நாட்டுக் காவலர்களையும் விட்டுவிட முடியாது. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற பேச்சே அன்று எழவில்லை.

வண்டி சாய்ந்ததும் ஓடி ஒளியாமல், சாலையில் நின்று கத்தி மற்ற வண்டிகளை நிறுத்திய டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. செல்போனில் படம் பிடிக்க முன்னால் போன எங்கள் பையன்களை எஸ்.ஐ. சார் மலையாளத்தில் வைத வசவுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிறு பொறியும் ஆகாத இடம், வேறு எப்படிச் சொன்னாலும் அவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள்.

மேட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கட்டன் சாயாவும் கஞ்சியும் கொண்டுவந்த பள்ளிவாசல்காரர்களே, உங்கள் எவர்சில்வர் தூக்குவாளி இரண்டு எங்கள் வீட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.